பம்பு இல்லாமலும் சைக்கிள் ஓடும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சைக்கிளில் ஏறி வருவதில்லை, தள்ளிக்கொண்டு வருவார்கள். திண்டிவனம் ஊருக்குள், பழைய ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருக்கிறது கடை. நடுராத்திரிக்கே சென்னையில் கிளம்பியவர்கள், புதுச்சேரியிலிருந்து மயிலம் மலை வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று வந்தவர்கள், செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள். ஒவ்வொரு சைக்கிளும் ஒரு நல்ல மோட்டார் பைக்கின் விலை. தலையில் ஹெல்மெட், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை, நாடித் துடிப்பைக் காட்டும் கடிகாரம். எல்லாம் சரியாக இருக்கும். வாசலில் நின்று கேட்பார்கள்:

“அண்ணா, பம்பு இருக்கா?”

“நீங்க எடுத்தாரலயா தம்பி?”

“இருக்குண்ணா. வீட்ல.”

இந்தக் கடையில் நான் அதிகம் கேட்கிற பதில் இதுதான். பம்பு வீட்டில். ஸ்பேர் டியூபும் வீட்டில். வாங்கிய கவரைக்கூடப் பிரிக்கவில்லை. பின் விளக்கும் வீட்டில், சார்ஜில் போட்டபடி. கூடவே எல்லாரும் இன்னொன்றும் சொல்வார்கள்: “கூட்டேரிப்பட்டு வரைக்கும் நல்லாத்தாண்ணா வந்தேன்.” அந்த ‘நல்லாத்தான் வந்தேன்’தான் விஷயமே.

இவர்கள் கவனமில்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஒருத்தர் வங்கியில் கணக்குப் பார்க்கிறவர், ஒரு அம்மா ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிறவர். வேலையில் ஒரு புள்ளி பிசகினால் பொறுக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் பம்பை மட்டும் எப்படி விட்டுவிட்டு வருகிறார்கள்? வருஷக்கணக்கில் பார்த்ததில் எனக்குப் பட்டது இது: எது இல்லாவிட்டால் வண்டி வாசலைத் தாண்டாதோ, அதை யாரும் மறப்பதில்லை. பைக்காரர் சாவியை மறந்தால் அடுத்த நொடியே தெரிந்துவிடும், உள்ளே போய் எடுத்து வருவார். ஹெல்மெட்டை மறந்தால்? வண்டி ஸ்டார்ட் ஆகும், கியர் விழும், போய்க்கொண்டே இருக்கும். போலீஸ்காரர் கை காட்டுகிற இடத்தில்தான் தலை லேசாக இருப்பது உறைக்கும். ஹெல்மெட் போடாததற்கு நூறு ரூபாயாக இருந்த அபராதம் 2022-ல் ஆயிரமாக ஏறியது. ஏறியும் ஹெல்மெட் இன்னும் பல வீடுகளில் ஆணியில்தான் தொங்குகிறது. அபராதத்தொகை வாசலில் நின்று யாரையும் தடுக்கப்போவதில்லை.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. சைக்கிளைக் காரில் ஏற்றி வந்து, இங்கே இறக்கி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் முன்சக்கரத்தையே வீட்டில் விட்டுவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். காருக்குள் அடக்குவதற்காகச் சக்கரத்தைக் கழற்றி, காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்படியே கிளம்பி வந்திருப்பார்கள். பெடலில் பூட்டிக்கொள்கிற அந்தத் தனி ஷூவும் இப்படித்தான் வீட்டில் தங்கும். சைக்கிளில் கிளம்புகிறவன் சக்கரத்தை மறக்கவே முடியாது. காரில் கிளம்புகிறவன் மறக்கலாம், ஏனென்றால் கார் ஓட அந்தச் சக்கரம் வேண்டியதில்லை.

சைக்கிள்காரர்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. 1935 அக்டோபர் 30-ஆம் தேதி, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ரைட் ஃபீல்டு விமானத்தளம். போயிங் மாடல் 299 என்ற புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தை ராணுவத்துக்கு ஓட்டிக் காட்டினார்கள். விமானம் தரையில் நிற்கும்போது வாலில் உள்ள தகடுகள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. அன்றைக்கு அதை விடுவிக்க மறந்துபோனார்கள். பூட்டு போட்டபடியே விமானம் ஓடியது, எழும்பவும் எழும்பியது. பிறகு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, நிலை தடுமாறி விழுந்து தீப்பிடித்தது. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில் இறந்தார். உடனிருந்த போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் காயங்களால் பிறகு இறந்துபோனார். இரண்டு பேருமே தேர்ந்த விமானிகள். அந்தப் பூட்டு விமானத்தை நகரவே விடாத பூட்டாக இருந்திருந்தால், இறங்கிப் பார்த்து எடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இந்த விபத்துக்குப் பிறகுதான், விமானிகள் கிளம்பும் முன் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கம் வேரூன்றியது. அதே விமானம்தான் பி-17 என்ற பெயரில் இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

புதுச்சேரியில் மனநூல் பாடம் எடுக்கிற ஒரு பேராசிரியர் எங்கள் கடைக்கு வந்துபோவார். அவர் சொல்வதைக் கேட்டால் இது இன்னும் விளங்கும். நடந்து முடிந்ததை ஞாபகம் வைத்திருப்பது ஒரு வகை. செய்யவேண்டியதை, செய்யவேண்டிய நேரத்தில் ஞாபகத்துக்குக் கொண்டுவருவது வேறு வகை. முதலாவதில் புலியாக இருக்கிறவர் இரண்டாவதில் கோட்டைவிடலாம். இரண்டாவதற்குச் சரியான நேரத்தில் கண்ணில் ஏதாவது பட்டாக வேண்டும். ஏ.டி.எம். கதையும் அவர் சொன்னதுதான். பணத்தை முதலில் தந்துவிட்டுக் கார்டைப் பிறகு நீட்டுகிற எந்திரங்களில் கார்டு அடிக்கடி அங்கேயே தங்கிவிடும். பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்தது, கால் வெளியே நடந்துவிடுகிறது. கார்டை உருவினால்தான் பணம் என்று வரிசையை மாற்றினார்கள். ஜனங்களுக்கு ஞாபகசக்தி கூடிவிடவில்லை, எந்திரம் திருந்தியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையை யோசித்துப் பாருங்கள். வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். விளக்கைப் போட்டால் குழந்தை எழுந்துகொள்ளும், அதனால் செல்போன் வெளிச்சத்தில் நடமாட்டம். ‘கிளம்பிட்டியா, நாங்க பெருங்களத்தூர்ல நிக்கிறோம்’ என்று வாட்ஸாப்பில் நண்பர்கள். பம்போ கட்டிலுக்கு அடியில், போன மாதம் காற்றடித்துவிட்டு வைத்த இடத்தில். கண்ணில் படாத பொருள் எப்படி ஞாபகத்துக்கு வரும்? டயர் இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார், கல்லாக இருக்கிறது. கிளம்பிவிடுகிறார்.

எங்கள் அப்பா விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஜங்ஷன் என்பதால் நாலு திசையிலிருந்தும் ஆட்கள் இறங்குவார்கள். மணிக்கணக்கில் வாடகை; நோட்டில் பெயர், ஊர், எடுத்த நேரம். ஒவ்வொரு சைக்கிளின் மட்கார்டிலும் பெயின்ட்டில் நம்பர். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை உண்டு, நகராட்சியில் வரி கட்டி வாங்க வேண்டும், அதைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருப்பார். அந்தக் கடையிலிருந்து சைக்கிள் எடுத்துப்போன ஒருத்தரும் பம்பு கேட்டதில்லை. அப்பா கொடுக்கவும் மாட்டார். கொடுத்தால் சைக்கிள் திரும்பி வரும், பம்பு வராது.

பம்பு தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் நாற்பது கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று எந்த இடத்தில் டயர் இறங்கினாலும் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, கொட்டகையில் ஒரு நிற்கும் பம்பு, பாதி தண்ணீர் ஊற்றிய இரும்புச்சட்டி, அழுக்குப் பனியன் போட்ட ஒரு ஆள். பம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலையை ரோடே செய்துகொண்டிருந்தது. நாலுவழிச் சாலை வந்தது, ஊர்களைச் சுற்றிக்கொண்டு பைபாஸ் போனது. சைக்கிள் கடைகள் ஊருக்குள்ளேயே நின்றுவிட்டன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-ல் தொடங்கியது, சில ஆண்டுகளில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. கிராமத்துக் கடைகளில் மிச்சமிருப்பவை அந்தப் பிள்ளைகளின் பஞ்சரால்தான் பிழைக்கின்றன. பைபாஸில் மிஞ்சியிருப்பவை லாரிக்குப் பஞ்சர் போடுகிற கடைகள். அங்கே கம்ப்ரஸர் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், ஆனால் உங்கள் சைக்கிளுக்கு அவரால் காற்றடிக்க முடியாது.

ஏன் முடியாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், விலை உயர்ந்த சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சைக்கிள் டியூபில் காற்று ஏறும் வாய் மூன்று வகை. நம் ஊர்ச் சாதா சைக்கிளில் இருப்பது, நடுவில் ஒரு சின்ன ஊசிக்கட்டையும் அதன்மேல் வால்டியூப் என்கிற ரப்பர் உறையும் போட்டது. ரப்பர் இற்றுப்போனால் காற்று நிற்காது. புது உறை மாட்டினால் ஆயிற்று, அதன் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாவது, மோட்டார் பைக்கிலும் காரிலும் இருக்கும் தடித்த வாய், ஷ்ரேடர் என்பார்கள். பெட்ரோல் பங்க்கில், லாரிக் கடையில் இருக்கிற குழாய் எல்லாம் இதற்குத்தான் பொருந்தும். மூன்றாவது, பென்சிலைவிட மெல்லியதாக, உச்சியில் ஒரு குட்டி நட்டோடு இருப்பது, பிரெஸ்டா. ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான். இதற்குக் காற்றடிக்க முதலில் அந்த நட்டைத் தளர்த்த வேண்டும், ஒரு தட்டு தட்டினால் ‘ஸ்ஸ்’ என்று கொஞ்சம் காற்று வரும், பிறகே பம்பை மாட்ட வேண்டும். நட்டைத் தளர்த்தாமல் அரை மணி நேரம் அடித்து, பம்புதான் கெட்டுப்போச்சு என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

இந்த மெல்லிய வாயையும் பங்க்குக் குழாயையும் சேர்த்துவைக்க ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு. அடாப்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, விலை ஒரு வேளை டிபன் காசுக்குள் அடங்கும். நட்டைத் திறந்து இதை அதன்மேல் திருகினால், தமிழ்நாட்டில் உள்ள அத்தனை பெட்ரோல் பங்க்கும் உங்கள் பம்புதான். காற்று இலவசம். பங்க்குப் பையன் “எவ்ளோ வெக்கணும்?” என்பான். மெல்லிய ரோடு டயருக்கு 80-லிருந்து 100 பி.எஸ்.ஐ. வரை பிடிக்கும், டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். அவனுக்குப் பழக்கம் பைக்கின் முப்பதுதான், நம்பமாட்டான். லாரிக்கடை கம்ப்ரஸர் என்றால் எதிர்ப்பக்கம் ஆபத்து: லாரி டயரில் நிமிஷக்கணக்கில் ஏறுகிற காற்று சைக்கிள் டியூபில் கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். வெடித்தால் துப்பாக்கிச் சத்தம், கடையில் இருக்கிற நாய் ஓடிவிடும். விட்டு விட்டு, அரை நொடி அரை நொடியாக அடிக்கச் சொல்லுங்கள், நடுவில் அமுக்கிப் பாருங்கள். இந்தப் பித்தளைத் துண்டை வாங்கியவர்கள் எங்கே வைக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் வீட்டு மேஜை டிராயரில். டியூபின் வாயிலேயே, தூசி மூடிக்குப் பதிலாக, திருகி விட்டுவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். சக்கரம் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும்.

டியூபை மாற்றத் தெரிந்தவர்களும் பத்து கிலோமீட்டர் தள்ளி மறுபடி நிற்பதுண்டு. காரணம் டியூபில் இல்லை, டயருக்குள் இருக்கும். லாரி டயர் வெடித்தால் அதற்குள்ளிருக்கும் இரும்புக் கம்பிவலை துண்டுதுண்டாகி ரோட்டோரம் சிதறும். தலைமுடி கனம், அரை அங்குல நீளம். சைக்கிள் போவதும் அதே ஓரத்தில்தான். அந்தக் கம்பி டயரில் ஏறினால் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி இன்றைக்கும் செய்கிறேன்: டயரைக் கழற்றி, கொஞ்சம் பஞ்சை உள்பக்கமாக மெதுவாக ஒரு சுற்று ஓட்டுவேன். பஞ்சு எங்கே இழுபடுகிறதோ அங்கே கம்பி. குறட்டால் பிடித்து வெளியே இழுத்தபிறகே புது டியூப். பஞ்சு இல்லாதவர்கள் கைக்குட்டையில் செய்யலாம். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும். கம்பிக்கு அடுத்தபடி சீமைக்கருவேல முள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியதால் ரயிலையே நிறுத்தினார்கள். தண்ணீர் வடிந்தபிறகு வந்த பஞ்சர்களில் பாதி, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ரோட்டில் போட்ட முள்.

‘ஒன்றுமில்லாமலே சமாளித்தேன்’ என்று மார் தட்டுகிறவர்கள் ஒரு ஜாதி. விழுப்புரம் - செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே போனால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று பல்லவ மகேந்திரவர்மன் அங்கே பாறையில் வெட்டிவைத்திருக்கிறான். இல்லாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவனுக்குத் தகும், பாறையைக் குடைந்து முடித்தபிறகு சொன்னான். பம்பில்லாமல் மண்டகப்பட்டு போய்ப் பஞ்சராகி, கரும்பு டிராக்டரில் சைக்கிளை ஏற்றி வந்தவர்கள் அதைச் சொல்லலாமா?

விளக்கு விஷயத்தில் மட்டும் ஒரு அதிசயம். இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர் என்று நேரக்கெடுவுக்குள் ஓட்டி முடிக்கும் பிரெவே பயணங்கள் நம் நாட்டிலும் நடக்கின்றன. ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் என்ற அமைப்பின் கீழ் பல ஊர்க் கிளப்புகள் இதை நடத்துகின்றன. இருநூறு கிலோமீட்டருக்கு பதிமூன்றரை மணி நேரம், அறுநூறுக்கு நாற்பது. 1891-ல் தொடங்கிய பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ் இந்தக் குடும்பத்துக்குப் பெரியப்பா: 1200 கிலோமீட்டர், தொண்ணூறு மணி நேரம் கெடு. ஜி.எஸ்.டி. ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு மினுமினுக்கும் மேல்சட்டையோடு நாலைந்து பேர் வரிசையாகப் போனால் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான். இவர்களில் விளக்கை மறந்து வருகிறவரைப் பார்ப்பது அரிது. கிளம்பும் இடத்திலேயே முன்விளக்கு, பின்விளக்கு, ஹெல்மெட், மினுங்கும் மேல்சட்டை எல்லாவற்றையும் பார்த்துத்தான் விடுவார்கள். பம்பை யாரும் பார்ப்பதில்லை. பம்பில்லாமல் அதே கூட்டத்து ஆட்கள் என் கடை ஷட்டரைத் தட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ராத்திரியில் விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் பிடித்து இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிடுவார். டபுள்ஸ் போனாலும் அதே வைத்தியம். அந்தப் பயத்தில் டைனமோ இல்லாதவன்கூட முக்குக்கு முக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போவான். இப்போது சைக்கிளுக்கு விளக்கில்லை என்று யாரும் பிடிப்பதில்லை. புது சைக்கிள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் சிவப்புக் கண்ணாடியோடுதான் வருகிறது. அழகைக் கெடுக்கிறது என்று அதைக் கழற்றித் தரச்சொல்லி என்னிடமே கேட்கிறார்கள். கழற்ற மாட்டேன். எண்பதில் வருகிற பஸ்ஸுக்கு அது ஒன்றுதான் கண்ணில் படும்.

காசும் தண்ணீரும் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜிபே இருக்கிறது என்று பர்ஸை விட்டு வருகிறார்கள், மதியத்துக்குள் ரூட் காட்டிக் காட்டியே போன் அணைந்துவிடுகிறது. போன் உறைக்கும் போனுக்கும் நடுவில் ஒரு இருநூறு ரூபாய்த் தாள் போதும். சித்திரை வைகாசியில் இந்தப் பக்கம் நுங்கும் மோரும் வழியெல்லாம் கிடைக்கும், உப்புப் போட்ட மோர் எந்தப் பாக்கெட் பொடியையும்விட மேல் என்பது என் கட்சி.

மறக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்டால் எல்லாரும் பட்டியல் போடச் சொல்வார்கள். பீரோ கதவில் ஒட்டிய பட்டியலை மூன்றாவது வாரத்துக்குமேல் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. சுவரில் ஆணி போலக் கண்ணுக்குப் பழகிவிடும். விமானத்தில் பட்டியல் வேலை செய்வதற்குக் காரணம் காகிதம் இல்லை, இரண்டு பேர் இருப்பதுதான். ஒருவர் வாய்விட்டுக் கேட்பார், மற்றவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். விழுப்புரத்திலிருந்து வருகிற ஒரு குழுவில் இதைத் தமிழில் செய்கிறார்கள். கிளம்பும் முன்னால் டீக்கடை வாசலில் ஒரு பையன் கத்துவான், “பம்பு?” மற்றவர்கள் கையால் தொட்டுக் காட்டவேண்டும். “இருக்கு” என்று வாயால் சொன்னால் செல்லாது. பக்கத்தில் டீ குடிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

எங்கள் ஆயா முந்தானையில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். சந்தைக்குப் போய்க் காசெடுக்க முந்தானையைத் தொட்டால் முடிச்சு கையில் தட்டும், ‘ஆமாம், வேப்பம்புண்ணாக்கு’ என்று ஞாபகம் வரும். எதைத் தொடாமல் வேலை ஆகாதோ அதில் போட்டதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதும் இதேதான். ஸ்பேர் டியூபும் டயர் கழற்றும் லிவரும் ஒட்டும் சொல்யூஷனும் சீட்டுக்கு அடியில் ஒரு பையில், கழற்றவே கழற்றாமல். சின்னப் பம்பு தண்ணீர் பாட்டில் கூண்டுக்குப் பக்கத்தில் பட்டை போட்டு, அதுவும் நிரந்தரமாக. மழை நேரத்தில் துருப்பிடிக்குமே என்பார்கள். பிடிக்கட்டும், துருப்பிடித்த பம்பு காற்றடிக்கும். சார்ஜ் போடவேண்டியதால் விளக்கு ஒன்றுதான் வீட்டுக்குள் போய் வரும். அதை ராத்திரியே சார்ஜிலிருந்து எடுத்து வலதுகால் ஷூவுக்குள் போட்டுவிடுங்கள். கால் நுழையாது. வீட்டுச் சாவி ஹெல்மெட்டுக்குள் இருக்கட்டும், கேட்டைப் பூட்ட ஹெல்மெட்டைத் தேடியே ஆகவேண்டும்.

இத்தனையும் செய்தபிறகு ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. பை நிறைய சாமான் இருக்கும், எடுத்துப் போடத் தெரியாது. சங்கராபரணி ஆற்றைத் தாண்டி வீடூர் அணைக்குப் போகிற வழியில் நின்றுவிட்டு, “லிவர் இருக்குண்ணா, எப்படிப் போடறதுன்னு தெரியல” என்று போன் செய்கிறவர்களுக்கு நான் போனிலேயே டயர் கழற்றியிருக்கிறேன். அதனால் புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர்களிடம் ஒரு வேலை கொடுத்து அனுப்புகிறேன். ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்குச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள். பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுங்கள். முன்சக்கரம் வேண்டாம், அது சுலபம். சீட்டுக்கடியில் உள்ள பையை மட்டும் வைத்துக்கொண்டு டியூபை மாற்றி, கையோடு இருக்கும் பம்பால் காற்றடித்து, கீழே இறங்கி வாருங்கள். நடுவில் எதையாவது எடுத்துவர மாடிப்படி இறங்கினால், அது பையில் இல்லாத சாமான்.

போன மாசி மாதம் ஒரு தம்பி இதைச் செய்துவிட்டு மறுநாளே கடைக்கு வந்தார். பையில் எல்லாம் இருந்ததாம், ஒரு வருஷமாகவே இருக்கிறதாம். டியூபை எடுத்து நீட்டினார். அவருடைய பழைய சைக்கிளுக்கு வாங்கிய 26 இஞ்ச் டியூப். புது வண்டியின் சக்கரம் 700.

“இத்தன நாளா இத நம்பியாணா மரக்காணம் வரைக்கும் போய்ட்டு வந்தேன்?” என்றார்.

பழைய டியூபை எடுத்துக்கொண்டு சரியானதைக் கொடுத்தேன். வால்வின் மேல் அடாப்டரையும் திருகிவிட்டேன், அதற்குத் தனியாகக் காசு வாங்கினேன்.